பிலிப்பைன்ஸுக்குப் போட்ட மொய்

ஜன்னல் பக்கம் நீங்களே உக்காருங்க தம்பி, நான் கீரமங்கலத்துல இறங்கிடுவேன். அரை மணி நேரந்தான். ரோடு இருக்கிற லெச்சணத்துக்கு முக்கால் மணி நேரம்னு வச்சுக்கங்க. நீங்க புதுக்கோட்டைக்கா? சொந்த ஊரு? சேலமா! அப்ப உங்களுக்கு மொய் விருந்து தெரியாது. பாவம்.

தெரியுமா? கல்யாணத்துல கவர்ல வச்சுக் குடுக்குறதா? அது மொய் இல்ல தம்பி, அது சும்மா மரியாதை. எங்க பக்கத்து மொய் வேற. ஆடி, ஆவணி வந்தாப் போதும். கல்யாணம் கிடையாது, காதுகுத்து கிடையாது, மொய் வாங்குறதுக்குன்னே பந்தல் போட்டுக் கறிச்சோறு ஆக்கிப் போடுவோம். அஞ்சு வருசத்துக்கு ஒருக்கா ஒரு குடும்பம் வைக்கலாம். இப்ப நான் உங்க விருந்துல ஆயிரம் போட்டேன்னு வைங்க. என் விருந்துக்கு வந்து அந்த ஆயிரத்தை நீங்க திருப்பிப் போடணும். அது பழசு. அதுக்கு மேல ஐநூறோ ஆயிரமோ சேர்த்துப் போடணும். அது புதுசு. அந்தப் புதுசை நான் உங்க அடுத்த விருந்துல திருப்புவேன், மேல சேர்த்து. இப்படியே போகும். யாரும் யாருக்கும் முழுசாத் தீர்க்கறதே இல்ல. தீர்க்கக் கூடாது! பழசை மட்டும் வச்சுட்டுப் புதுசு வைக்காம ஒருத்தன் போறான்னா, 'உன் சங்காத்தமே வேணாம்'னு அர்த்தம். வரப்புச் சண்டையில மண்டையை உடைச்சவன்கூட மறுவருசம் பேசிடுவான். புதுசு வைக்காதவன் பேச மாட்டான்.

இதுல எனக்குத் தெரியாதது ஒண்ணும் இல்ல. என் பேரு அடைக்கலம். பேராவூரணியில தேங்கா வியாபாரம். அது பொழப்பு. ஆனா இந்தச் சுத்துவட்டாரத்துல என்னைத் தெரியறது மொய் எழுதுறதுக்குத்தான். நாப்பது வருசமா நோட்டு எழுதுறேன். என் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். ஒரு எழுத்து அடிச்சுத் திருத்துனது கிடையாது. எவன் எவனுக்கு எவ்வளவு, எவன் எவனைப் புதுசு வைக்காம வெட்டிவிட்டான், எல்லாம் இந்த மண்டையில இருக்கு.

இப்ப எங்க போறேன்னா, என் கூடப்பிறந்த தங்கச்சி பவளக்கொடி வீட்டு விருந்துக்கு. கீரமங்கலத்துல பஸ் ஸ்டாண்டை ஒட்டித்தான் மண்டபம். எப்படிப் போறேன்னு கேளுங்க. வெறுங்கையோட போறேன்! சட்டைப் பையைப் பாருங்க. போறதுக்கு இருவது ரூபா, வர்றதுக்கு இருவது ரூபா, வெத்தலைக்கு ஒரு அஞ்சு. அவ்வளவுதான். வேணும்னே எடுத்து வச்சுட்டு வந்தேன். கையில இருந்தா கை நீண்டுடும், என்னை எனக்குத் தெரியும். நேரா பந்திக்குப் போவேன், கறியும் சோறும் வயிறாரச் சாப்பிடுவேன், நோட்டு எழுதுற மேசைப் பக்கம் தலைகூடத் திருப்பாம கை கழுவிட்டு வெளியே வந்துடுவேன். அண்ணன் சாப்பிட்டுட்டு மொய் வைக்காமப் போயிட்டான்னு முந்நூறு பேரு பார்க்கணும். அதோட எனக்கும் அவளுக்கும் தீர்ந்துச்சு. ஆறு வருசமா இந்த நாளுக்குத்தான் காத்திருக்கேன்.

கல் நெஞ்சுக்காரன்னு நினைக்காதீங்க. என் மனசு எப்படிப்பட்டதுன்னு தெரியணும்னா மரிசெல் கதையைக் கேட்டுட்டுச் சொல்லுங்க.

என் மக இளவரசி ஆஸ்திரேலியாவுல இருக்கா, மெல்போர்ன்ல. என் அறுபதாம் கல்யாணத்துக்கு மோதிரம் போடுவான்னு பார்த்தேன். அவ என்ன பண்ணா தெரியுமா? 'அப்பா, உங்க பேர்ல நூறு டாலர் போட்டிருக்கேன், ஒரு வெப்சைட்டுல. உலகத்துல எங்கெங்கயோ சின்னச் சின்னத் தொழில் பண்றவங்க போட்டோ இருக்கும். உங்களுக்குப் பிடிச்சவங்களுக்குக் கடன் குடுக்கலாம். வட்டி கிடையாது. அவங்க கட்டுனதும் எடுத்து வேற ஆளுக்குக் குடுக்கலாம்'ங்கிறா. நான் ஆடிப் போயிட்டேன். மோதிரத்துக்குப் பதிலா ஊரு பேரு தெரியாதவனுக்குக் கடன்! என் சம்சாரம் சிந்தாமணி சிரிச்ச சிரிப்பு இருக்கே, அடுத்த தெரு வரைக்கும் கேட்டுச்சு.

ஆனா பாருங்க, போனைத் திறந்து காட்டினதும் எனக்குப் பிடிச்சுப் போச்சு. மூஞ்சி மூஞ்சியா வருது. ஒருத்தன் கென்யாவுல ஆடு வளர்க்கிறான். ஒரு அம்மா எங்கயோ ரொட்டி சுடுது. ஒவ்வொரு படத்துக்குக் கீழயும் எத்தனை புள்ளைங்க, என்ன தொழில், எதுக்குப் பணம்னு எழுதியிருக்கு. ஒருத்தருக்குக் குறைஞ்சது இருவத்தஞ்சு டாலர் போடலாம். இதே மாதிரி நாப்பது பேரு, அம்பது பேரு உலகம் பூராவுமிருந்து போடுவாங்க. போட்டவங்க பேரெல்லாம் வரிசையா வேற வருது. நான் இளவரசிகிட்டச் சொன்னேன், 'அடி இவளே, இது நம்ம மொய் விருந்து! வெள்ளைக்காரன் திருடிட்டான்!' அவ இல்லப்பா இல்லப்பாங்கிறா. என்ன இல்ல? சோறு போடல, அவ்வளவுதான் வித்தியாசம்.

அதுல பார்த்தேன் மரிசெல்லை. பிலிப்பைன்ஸ். முப்பத்தஞ்சு வயசு இருக்கும், மூணு புள்ளைங்க, கொப்பரைத் தேங்கா வியாபாரம். நம்ம தொழில்! போட்டோவுக்குப் பின்னாடி ஏழு தென்னை நிக்குது. எல்லாரும் அவ மூஞ்சியைப் பார்த்துப் பணம் போட்டிருப்பாங்க, நான் மரத்தைப் பார்த்துப் போட்டேன். நல்ல நெட்டை மரம். உரந்தான் பத்தல. 'உரம் போடச் சொல்லு'ன்னு இளவரசிகிட்டச் சொன்னேன். அப்படியெல்லாம் சொல்ல முடியாதுப்பான்னுட்டா.

நான் சும்மா இருப்பேனா? ஒரு புது நோட்டு வாங்கி, மஞ்சள் தடவி, பிள்ளையார் சுழி போட்டு எழுதினேன். 'பிலிப்பைன்ஸ், மரிசெல், கொப்பரை வியாபாரம், டாலர் இருபத்தைந்து.' சிந்தாமணி எட்டிப் பார்த்துட்டு, 'அவ என்ன உங்களுக்குத் தங்கச்சியா, மொய் நோட்டுல எழுதுறீங்க'ன்னா. பொம்பளைங்களுக்கு இந்தப் பொறாமை போகவே போகாது தம்பி, அறுபது வயசானாலும்.

மாசாமாசம் ரெண்டு டாலர், மூணு டாலர்னு திரும்பி வந்துச்சு. ஞாயித்துக்கிழமை இளவரசி போன் பண்ணதும் முதல்ல மரிசெல்லைத்தான் கேப்பேன். பேரப்புள்ளை அதுக்கப்புறம். ஏழாவது மாசம் வரல. எட்டாவது மாசமும் வரல. ஒன்பதாவது மாசம் இளவரசி ஒரு கடிதாசி வாசிச்சுக் காட்டினா. அங்க அவளுக்குப் பணத்தைக் கைமாத்திக் குடுக்கிற கம்பெனிக்காரங்க எழுதினது. புயலாம் தம்பி. வீட்டுக் கூரை போயிருச்சு. மரம் அத்தனையும் போயிருச்சு. கொஞ்சம் டைம் வேணும்னு கேக்குறா.

இன்னொரு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். பொய் சொல்லல. தென்னை விழுறதை நேர்ல பார்த்தவன் நான். பெத்த புள்ளை விழுந்தாத் தூக்கி நிறுத்திடலாம், தென்னையைத் தூக்கி நிறுத்த முடியுமா? மறுபடி வச்சு அது காய்க்க ஏழு வருசம். 'அவசரமே இல்லன்னு சொல்லு, ஒரு வருசம் ஆனாலும் பரவாயில்ல, கட்டாட்டியும் பரவாயில்லன்னு எழுது'ன்னு சொன்னேன். அன்னிக்குச் சோறு இறங்கல எனக்கு. யாரு பெத்த பொண்ணோ!

இருங்க, ஆவணம் கைகாட்டி ஸ்டாப்பு வந்துருச்சு. இங்க கூட்டம் ஏறும். பையை மடியில வச்சுக்கங்க.

அப்புறம் என்ன ஆச்சுன்னா, மூணு மாசம் கழிச்சு மறுபடி கட்ட ஆரம்பிச்சா. கட்டி முடிச்சுட்டா. இளவரசி சந்தோசமா போன் பண்றா, 'அப்பா, மரிசெல் மொத்தத்தையும் கட்டிட்டாங்க!' எவ்வளவுடீன்னேன். 'இருவத்தஞ்சு டாலர்ப்பா.' இருவத்தஞ்சா? மேல? 'மேல எதுக்குப்பா? குடுத்தது இருவத்தஞ்சு, வந்தது இருவத்தஞ்சு.'

எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல்லுங்க. சரியா இருவத்தஞ்சு! ஒரு காலணா புதுசு இல்ல! நான் என்ன குறை வச்சேன் அவளுக்கு? உரம் போடச் சொன்னது தப்பா? மத்தியானம் சாப்பிடாமப் படுத்துட்டேன். இளவரசி போன்ல தலைதலையா அடிச்சுக்கிட்டா, 'இது மொய் இல்லப்பா, கடன்ப்பா'ன்னு. அவளுக்கு என்ன தெரியும், பதினெட்டு வயசுல ஊரை விட்டுப் போனவ.

ஆனா எழுந்திரிச்சு டீ குடிக்கும்போது எனக்கே ஒரு யோசனை வந்துச்சு. ஏண்டா அடைக்கலம், புயல்ல மரம் போனவ பழசைக் கட்டினதே பெரிசு. எதை வித்தாளோ, எதை அடகு வச்சாளோ, யார் கால்ல விழுந்தாளோ. அவகிட்டப் போயிப் புதுசு எங்கன்னு கேக்குறவன் மனுசனா? வெக்கப்பட்டேன் தம்பி. நெசமா வெக்கப்பட்டேன். முறைப்படி பார்த்தா இப்ப நாமதான் புதுசு வைக்கணும்னு, உடனே அவளுக்கே அம்பது டாலர் போடச் சொன்னேன். அவ மறுபடி கடன் கேட்டு எழுதியிருந்தா, தென்னங்கன்னு வாங்க. போட்டாச்சு. இப்பவும் கட்டிக்கிட்டுத்தான் இருக்கா.

இப்பச் சொல்லுங்க, என் மனசு கல்லா?

சரி, பவளக்கொடிக்கு வருவோம். ஆறு வருசத்துக்கு முன்னாடி, ஆவணி மாசம், எங்க வீட்டு விருந்து. கஜா புயல் அடிச்சதுக்கு மறுவருசம். ஊரே அடிபட்டுக் கிடந்துச்சு. விருந்தைத் தள்ளி வைன்னு நாலு பேரு சொன்னாங்க. நான் கேக்கல. போட்ட காசு வரணும்ல? எனக்கு வியாபாரம்தானே, மரம் எவனுதோ. ஆயிரத்து முந்நூறு பேருக்குச் சாப்பாடு. நோட்டு நானே எழுதினேன். அவங்கவங்க மொய்யை அவங்கவங்களே எழுதக் கூடாதும்பாங்க, ஆனா எனக்கு வேற எவன் எழுத்தும் பிடிக்காது.

பவளக்கொடிக்கு நான் போட்டிருந்தது பத்தாயிரம். கூடப்பிறந்தவ, குறைஞ்சது அஞ்சாயிரமாவது புதுசு வைப்பான்னு நினைச்சேன். வர்றா. எப்படி வர்றான்னு கேளுங்க. மாப்பிள்ளை கூட வரல. ஒரு நூல் சேலை. கழுத்துல வெறும் மஞ்சக் கயிறு. அண்ணன் வீட்டு விசேசத்துக்கு, அவ்வளவு பெரிய கூட்டத்துல, வெறும் மஞ்சக் கயித்தோட வந்து நிக்கிறா! அப்பா போட்ட ஆறு பவுன் சங்கிலி இருக்கு. அதை எடுத்துப் போட்டுக்கிட்டு வர்ற மரியாதை தெரியல. அப்பவே எனக்குச் சுருக்குன்னுச்சு.

பத்தாயிரத்தை எடுத்து மேசையில வச்சா. எல்லாம் கசங்குன நோட்டு. எண்ணினேன். பழசு பத்தாயிரம். எழுதினேன். புதுசு எவ்வளவும்மான்னேன். அவ கீழ பார்த்துக்கிட்டு நிக்கிறா. பின்னாடி வரிசை நிக்குது. புதுசு எவ்வளவுன்னு இன்னொரு தடவை கேட்டேன், கொஞ்சம் சத்தமாத்தான் கேட்டேன். 'புதுசு இல்லண்ணே'ன்னா. அவ்வளவுதான். என் கூடப்பிறந்தவ என்னை வெட்டிவிட்டுட்டா, ஆயிரம் பேருக்கு நடுவுல. நானும் விடல. 'புதுசு: இல்லை'ன்னு எழுதி, சிவப்புப் பேனா எடுத்து அடியில கோடு போட்டேன். அவ, 'அண்ணே, ஒரு நிமிசம்'னா. நான் 'அடுத்த ஆளு வரலாம்'னேன்.

அன்னியிலேருந்து பேச்சுவார்த்தை இல்ல. இந்த மாசம் பத்திரிகை வருது, முதல் பேரா என் பேரு! மூடுன கணக்குக்கு எதுக்கு அழைப்பு? சிந்தாமணி ரெண்டு நாளைக்கு முன்னாடியே அங்க போயிட்டா, வெங்காயம் உரிக்கணுமாம். போகும்போது என்னைப் பார்த்து, 'வாங்க, ஆனா வாயைத் திறக்காம வாங்க'ன்னா. பாருங்க, கட்டினவளும் அந்தப் பக்கம்.

என்ன? அவளுக்கா? இருந்துச்சு, அவளுக்கும் தென்னந்தோப்புதான். நூத்தி இருவது மரம். கஜாவுல ஒண்ணு மிச்சமில்ல. சுத்தமா வழிச்சுட்டுப் போயிருச்சு. ஊருல எல்லாருக்கும்தானே போச்சு தம்பி, அவளுக்கு மட்டுமா போச்சு?

என்ன கேட்டீங்க? சங்கிலியா?

தெரியலயே. வீட்டுல இருக்கும். ஏன்?

இல்ல இல்ல, அப்படி இருக்காது. அப்பா போட்ட சங்கிலி, அதையெல்லாம் வைக்க மாட்டா. அவ புள்ளைக்குக் காய்ச்சல்னு ஒரு மாசம் ஆஸ்பத்திரியில கிடந்தப்பகூட வைக்கல. எனக்கு மொய் திருப்புறதுக்காகப் போயி அதை அடகுக்கடையில...

பஸ்ஸுல என்ன இவ்வளவு புழுக்கம். அந்த ஷட்டரைக் கொஞ்சம் தூக்கி விடுங்க.

அவ சொல்லியிருக்கலாம்ல? மரிசெல் சொல்லல? எங்கயோ இருக்கிறவ, முகம் தெரியாதவ, புயல் அடிச்சுது, மரம் போச்சு, டைம் குடுங்கன்னு எழுதிச் சொன்னா. இவளுக்கு வாய் இல்லயா? பேராவூரணிக்கு இருவது ரூபா பஸ்ஸு. வந்து சொன்னா நான் வேணாம்னா சொல்லுவேன்? பத்தாயிரமே வேணாம், போயிச் சாப்பிட்டுட்டுப் போம்மான்னு சொல்லியிருப்பேனே. ஒரு நிமிசம் நின்னு சொல்லியிருந்தா...

ஒரு நிமிசம்னுதான் கேட்டா, இல்ல?

ஆமா. நான்தான் அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

ஆறு வருசம் தம்பி. அவ மூத்தவனுக்கு இதுக்கு நடுவுல நிச்சயம் ஆயி, கல்யாணமும் ஆயிருச்சு. தாய்மாமன் நான் போகல. என் எடத்துல யாரை நிக்க வச்சாங்களோ, அதைக்கூட நான் யாருகிட்டயும் கேக்கல. ஏழு கடல் தாண்டி இருக்கிறவளுக்கு உரம் போடச் சொன்னேன் பாருங்க.

சரி, சரி. அழுகையெல்லாம் இல்ல, தூசி. நீங்க அந்தப் பக்கம் பாருங்க.

இப்ப ஒரு சிக்கல் வந்துருச்சு. மனசு மாறினது சரி, பையில இருபத்தஞ்சு ரூபா வச்சுக்கிட்டு என்னத்தை மாத்துறது? முதல்ல நாலு வார்த்தை பேசணும், அது வேற. ஆனா மேசைக்குப் போயிப் புதுசு வைக்கணும்ல? இல்லாட்டி நான் பேசுற பேச்சுக்கு என்ன மதிப்பு? போன்ல அனுப்பறதெல்லாம் எனக்கு வராது, அந்த வேலை பூரா இளவரசி கையில. மண்டபத்துல எனக்குத் தெரியாதவன் எவனும் இல்ல, கேட்டாக் குடுப்பான். ஆனா சாயங்காலத்துக்குள்ள ஏழு ஊருக்குச் சொல்லிடுவான், மொய் நோட்டு அடைக்கலம் தங்கச்சி வாசல்ல நின்னு கை நீட்டினான்னு. சிந்தாமணிகிட்டக் கேக்கவா? அதுக்குப் பேசாம பஸ்ஸுக்கு முன்னாடி விழுந்துடலாம்.

தம்பி, உங்ககிட்ட ஒரு ஆயிரம் ரூபா இருக்குமா?

முழிக்காதீங்க. நான் யாரு, நீங்க யாருன்னுதானே? நான் மட்டும் மரிசெல்லை எங்க பார்த்தேன்? அவளுக்காவது போட்டோ, நான் நேர்லயே உக்காந்திருக்கேன். என் விவரம் சொல்றேன், கேட்டுக்கங்க. அடைக்கலம், வயசு அறுபத்துமூணு, பேராவூரணி, தேங்கா வியாபாரம், ஒரே மக, ஒரே தங்கச்சி. என்ன காரணத்துக்குக் கடன்னா, தங்கச்சிக்குப் புது மொய். போதுமா? பின்னாடி தென்னை மரம்தான் இல்ல.

குடுக்குறீங்களா! நல்லா இருப்பீங்க. ரெண்டு ஐநூறா, பேஷ். மேல ஒத்த ரூபா என்கிட்ட இருக்கு, ஆயிரத்து ஒண்ணா வச்சுடுறேன். ஜிபேயெல்லாம் வேணாம், நம்பரும் வேணாம். பேரும் ஊரும் சொல்லுங்க, தங்கச்சி பத்திரிகைக்குப் பின்னாடி எழுதிக்கிறேன். வெற்றிச்செல்வன்... சேலம்... இனிசியல்? ம். தெரு? ம். மேல பழசு, புதுசுன்னு ரெண்டு கட்டம் போட்டுட்டேன் பாருங்க, பஸ் ஆட்டத்துலயும் கோடு நேரா வந்துருக்கு.

ஒண்ணு மட்டும் இப்பவே சொல்லிடுறேன், அப்புறம் வருத்தப்படக் கூடாது. சரியா ஆயிரத்தைத் திருப்பித் தருவேன்னு எதிர்பார்க்காதீங்க. அந்தக் கேவலமான வேலையை நான் பண்ண மாட்டேன். ஆயிரத்து ஐநூறாத்தான் தருவேன். ஆயிரம் பழசு, ஐநூறு புதுசு. அந்த ஐநூறை நீங்க என் பேத்தி சடங்குக்கு வந்து திருப்பணும், மேல சேர்த்து. தப்பிக்க முடியாது.

எப்பத் தருவேனா? முறைன்னு ஒண்ணு இருக்குல்ல, உங்க வீட்டு விசேசத்துலதான் தரணும். உங்களுக்குக் கல்யாணம்? இன்னும் ஆகலயா? பொண்ணு பார்க்கிறாங்களா? இந்தா, கீரமங்கலம் வந்துருச்சு. கண்டக்டர், இறக்கம் இருக்கு, கொஞ்சம் பொறுங்க, வயசானவன்!

வர்றேன் தம்பி. பத்திரிகையை மறக்காம அனுப்புங்க, சேலம்னா என்ன, எந்தப் பஸ்ஸானாலும் ஏறி வந்து முதல் வரிசையில உக்காருவேன். அந்தக் கல்யாணத்தை மட்டும் ரொம்பத் தள்ளிப் போட்டுடாதீங்க. எனக்கு இப்பவே அறுபத்துமூணு.